கேட்பதற்கு ஓர் ஆள்: குழந்தைகள் மீதான வன்கொடுமையும் திரைப்படப் பிரச்சாரமும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் சிறப்புகளைச் சொல்லிவிட்டுக் கலைவது பொது வழக்கம். நம் அமைப்பு அந்த வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை. மறைந்தவர் பாதியில் விட்டுச்சென்ற வேலைகளுள் ஒன்றை எடுத்துப் பேசுவதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை. அந்த முறையில், குழந்தைகள் மீதான வன்கொடுமை குறித்த விழிப்புணர்வைத் திரைப்படங்கள் வழியாக மக்களிடம் கொண்டுசெல்லும் முயற்சிகளை இந்த ஆண்டின் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஓர் இலக்கிய அமைப்புக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்டார்கள். தலித் தன்வரலாறுகளைப் படித்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஓம்பிரகாஷ் வால்மீகியின் ‘ஜூட்டன்’ 1997இல் இந்தியில் வெளிவந்தது. அதில் தலைமையாசிரியர் சிறுவன் கையில் துடைப்பத்தைக் கொடுத்துப் பள்ளி முழுவதையும் பெருக்கச் சொல்கிறார். மற்ற பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள், இவன் பெருக்குகிறான். அடுத்த நாளும் அதே வேலை. அந்த வழியாக வரும் தகப்பனார் இதைப் பார்த்துவிடுகிறார். துடைப்பத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தலைமையாசிரியரை நேருக்கு நேர் கேள்வி கேட்கிறார். இதைப் படித்தவர்கள் சிறுவன் பட்ட அவமானத்தை நினைவில் வைத்திருப்போம். அந்தத் தகப்பனாரையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். தன் பிள்ளைக்கு நடப்பதைப் பார்த்தார், அது அநீதி என்று உடனே உணர்ந்தார், பின்விளைவுகளை எண்ணித் தயங்காமல் கேட்டார்.

இன்று சொல்ல வருவதும் இதுதான். குழந்தையைப் பார்த்து ‘பேசு’ என்று சொல்லும் படங்கள் நம்மிடம் வந்துவிட்டன. பெரியவர்களைப் பார்த்து ‘கேள், நம்பு, எழுந்து நில்’ என்று சொல்லும் படங்கள் போதவில்லை. சேரிக் குழந்தைக்கு இந்தப் பற்றாக்குறை இரட்டிப்பாகிறது. கேட்க ஆள் இல்லாத இடத்தில் குழந்தையைப் பேசவைத்தால், சுமை முழுவதும் அந்தக் குழந்தையின் தலையிலேயே விழும்.

எண்களும் சட்டமும்

நடுவண் அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் இந்தியாவில் குழந்தைகள் மீதான வன்கொடுமை பற்றிய ஆய்வறிக்கையை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசித் தயாரிக்கப்பட்ட அறிக்கை அது. தமிழ்நாடு அந்த 13இல் இல்லை. ஆய்வில் பங்கேற்றவர்களுள் 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பெரும்பாலான குழந்தைகள் அதை யாரிடமும் சொல்லவில்லை. வன்கொடுமை செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், குழந்தையின் நம்பிக்கைக்கு உரிய இடத்தில் இருந்தவர்கள்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், போக்சோ சட்டத்தின் கடும் பிரிவுகளில் பதிவான வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர். உறவினர், அண்டை வீட்டார், வேலை கொடுப்பவர், குடும்ப நண்பர் என்று அந்தப் பட்டியல் போகும். இருட்டில் மறைந்திருந்து தூக்கிச்செல்லும் முகம் தெரியாத ஆள் என்ற படிமம் உண்மையின் மிகச் சிறிய பகுதி என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

போக்சோ எனப்படும் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. 18 வயது நிறையாத எல்லோரும், ஆணோ பெண்ணோ, இதன்படி குழந்தைகள். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அதற்குப் பிடித்த இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். கூடுமானவரை பெண் உதவி ஆய்வாளர்தான் அதைப் பதிவு செய்ய வேண்டும், அப்போது அவர் சீருடையில் இருக்கக் கூடாது. இரவில் எக்காரணம் கொண்டும் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் தராமல் இருந்தால் அதுவும் குற்றம் என்கின்றன 19, 21ஆம் பிரிவுகள். ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர் தம் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. சொல்லாத குழந்தைக்கு இந்தத் தண்டனை கிடையாது என்றும் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. சொல்லும் கடமையைச் சட்டம் பெரியவர்மேல்தான் வைத்திருக்கிறது.

இதே சட்டத்தின் 43ஆம் பிரிவை நம்மில் பலர் படித்திருக்க மாட்டோம். இந்தச் சட்டத்தைத் தொலைக்காட்சி, வானொலி, அச்சு ஊடகங்கள் உள்ளிட்டவை வழியாகக் குறிப்பிட்ட கால இடைவெளிகளில் தொடர்ந்து பரப்ப வேண்டியது நடுவண், மாநில அரசுகளின் கடமை என்கிறது அது. ஆகவே விழிப்புணர்வுப் படம் யாரோ சில நல்ல மனிதர்கள் செய்யும் தொண்டு மட்டும் ஆகாது. அரசிடம் உரிமையோடு கேட்டுப் பெற வேண்டிய ஒன்று அது.

படங்கள் என்ன சாதித்தன

சைல்டுலைன் இந்தியா அறக்கட்டளை வெளியிட்ட ‘கோமல்’ என்ற அசைவூட்டக் குறும்படத்தை இங்கே பலர் பள்ளியிலேயே பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழப் பத்து நிமிடம் ஓடும். ஏழு வயதுச் சிறுமியின் கதை. அப்பாவின் நண்பர், பக்கத்தில் குடியிருப்பவர், எல்லோரும் மதிக்கும் பெரியவர், அவரால்தான் அவளுக்குத் தீங்கு வருகிறது. அவள் அம்மாவிடம் சொல்கிறாள். பெற்றோர் நம்புகிறார்கள், நடவடிக்கை எடுக்கிறார்கள். பிறகு ஆலோசகர் ஒருவர் பாதுகாப்பான தொடுதல் எது, பாதுகாப்பற்ற தொடுதல் எது என்று குழந்தைகளுக்கு விளக்குகிறார். பல இந்திய மொழிகளில் இது கிடைக்கிறது.

இந்தப் படம் செய்த நன்மையைக் குறைத்துச் சொல்ல முடியாது. உடலின் பாகங்களுக்கு அருவருப்பு இல்லாத பெயர்களைத் தந்தது. குற்றவாளி நல்லவராகத் தெரியும் பழகிய மனிதராக இருக்கலாம் என்று காட்டியது. ‘குட் டச், பேட் டச்’ என்று சொல்லிக்கொடுப்பதைவிட ‘பாதுகாப்பானது, பாதுகாப்பற்றது’ என்று சொல்லிக்கொடுப்பதும் சரியான முறை. எல்லாத் தீங்கும் வலிப்பதில்லை. சில தீங்குகள் மிட்டாயோடும் கொஞ்சலோடும் வரும். அதைக் ‘கெட்டது’ என்று பெயரிட்டால், அதற்கு உட்பட்ட தானும் கெட்டுப்போய்விட்டதாகக் குழந்தை நினைத்துக்கொள்ளும்.

2012 மே 13 அன்று அமீர் கானின் ‘சத்யமேவ ஜெயதே’ நிகழ்ச்சி இதே பொருளைப் பேசியது. தமிழிலும் ஒலிமாற்றம் செய்து ஒளிபரப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில், குடும்பம் மொத்தமும் உட்கார்ந்திருக்கும் கூடத்தில், அதுவரை யாரும் உச்சரிக்காத ஒன்று பேசப்பட்டது. வளர்ந்த ஆண்களும் தம் சிறுவயதில் நடந்ததைத் திரையில் சொன்னார்கள். அந்த நிகழ்ச்சியால்தான் போக்சோ சட்டமே வந்தது என்று இன்றும் சிலர் மேடையில் சொல்கிறார்கள். அந்த மசோதா 2011லேயே அறிமுகமாகிவிட்டது. நிகழ்ச்சிக்கு மூன்று நாள் முன்பே, மே 10 அன்று, மாநிலங்களவை அதை நிறைவேற்றிவிட்டது. மக்களவை மே 22 அன்று நிறைவேற்றியது. பல ஆண்டுகள் குழந்தை உரிமை அமைப்புகள் செய்த வேலைக்குத் திரை வெளிச்சம் தந்தது. அந்த அளவில் அதைப் பாராட்டுவோம். வெளிச்சம் தந்தவரே வேலையையும் செய்தார் என்று எழுதிவிட்டால், பெயர் தெரியாமல் உழைத்தவர்கள் வரலாற்றிலிருந்து காணாமல் போவார்கள். அப்படிக் காணாமல் போவது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும்.

படம் முடிந்த பிறகு வரும் கேள்வி

நாங்கள் காலனிகளிலும் இரவுப் பாடசாலைகளிலும் இத்தகைய குறும்படங்களைத் திரையிட்டு வருகிறோம். சத்துணவுக் கூடத்துச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டினால் அதுதான் திரை. பிள்ளைகள் ஆறு மணிக்கே முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள். வேலைக்குப் போன பெண்கள் வந்துசேர எட்டு மணி ஆகும். ஆண்களில் பெரும்பாலோர் தூரத்தில் நின்று பார்ப்பார்கள்.

படம் முடிந்து, “தப்பா யாராவது நடந்துக்கிட்டா என்ன செய்வீங்க?” என்று கேட்டால் பிள்ளைகள் ஒரே குரலில், “அம்மாகிட்ட சொல்லுவோம்” என்கிறார்கள். படம் சொல்லிக்கொடுத்த பதில் அது. கூட்டம் கலைந்த பிறகு தனியாக வந்து கேட்பதுதான் அவர்களுடைய சொந்தக் கேள்வி. “சொன்னா எங்கம்மா என்னையத்தான் அடிக்கும், அப்ப என்ன செய்யறது?” “அவங்க காட்டுலதான் அம்மா வேலைக்குப் போவுது. நிறுத்திட்டா?” “எங்க அண்ணன் கத்தி எடுத்துக்கிட்டுப் போயிட்டா?”

இந்தக் கேள்விகளைக் கேட்கும் குழந்தை நடைமுறையை அறிந்த குழந்தை. படத்தில் வரும் பெற்றோர் உடனே நம்பினார்கள், அவர்களுக்குக் காவல் நிலையத்தில் நாற்காலி கிடைத்தது, புகாரைப் பதிந்தார்கள். தன் வீட்டில் இவற்றில் எது நடக்கும், எது நடக்காது என்று இந்தக் குழந்தை கணக்குப் போடுகிறது. சமூகவியல் படிக்கும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தையின் மௌனத்தை அறியாமை என்று நாம் வகைப்படுத்துகிறோம். பல வேளைகளில் அது அதிகாரத்தைச் சரியாக அளந்து வைத்திருப்பதன் விளைவு.

குழந்தைக்கு ‘இல்லை என்று சொல், ஓடிவா, நம்பிக்கையானவரிடம் சொல்’ என்று மூன்று படிகளைக் கற்பிக்கிறோம். முதலிரண்டு படிகளும் தன்னைவிடப் பல மடங்கு வலுவுள்ள ஆளோடு குழந்தை தனியாக மோத வேண்டிய படிகள். அவற்றைச் செய்ய முடியாமல் உறைந்துபோன குழந்தை, ‘நான் ஓடவில்லையே, அப்படியானால் தப்பு என்மேல்தான்’ என்று நினைத்துக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. மூன்றாவது படி முழுவதும் பெரியவரின் கையில் இருக்கிறது. அந்தப் பெரியவரை உருவாக்கத்தான் நம்மிடம் படம் இல்லை.

வெள்ளித்திரை காட்டும் குற்றவாளி

வணிகத் தமிழ்ப் படங்களும் இதைத் தொட்டிருக்கின்றன. 2009இல் வந்த ‘அச்சமுண்டு அச்சமுண்டு’ அமெரிக்காவில் வாழும் தமிழ்த் தம்பதியின் கதை. வீட்டுக்கு வண்ணம் பூச வரும் அந்நியர்தான் அதில் ஆபத்து. 2023இல் வந்த ‘சித்தா’ பழனியில் நடக்கிறது. குழந்தையின் மேல் அன்பு வைத்த ஆண்மீது சந்தேகம் விழும்போது என்ன ஆகிறது என்பதையும், பழிவாங்கத் துடிக்கும் ஆண்களின் கோபம் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு ஆறுதல் ஆகாது என்பதையும் அது கவனமாகச் சொன்னது. ஆனாலும் இறுதியில் குற்றவாளி வெளியிலிருந்து வந்தவன்தான்.

2022இல் வந்த ‘கார்கி’ ஒரு படி மேலே போனது. அப்பா நிரபராதி என்று நம்பிப் படம் முழுவதும் போராடும் மகள், கடைசியில் உண்மையை அறிந்து அவரைச் சட்டத்தின் கையில் விடுகிறாள். நாம் பேசிக்கொண்டிருக்கும் ‘கேட்கும் பெரியவர்’ அவள்தான். தன் சொந்த வீட்டுக்கு எதிராக, முகம் தெரியாத ஒரு குழந்தையின் சொல்லை நம்புகிறாள். நம் திரையிடல்களில் பெரியவர்களுக்குக் காட்டத் தகுந்த முழுநீளப் படம் இது என்று சொல்வோம்.

பெரும்பாலான மற்ற படங்களில் குழந்தைக்கு நேர்ந்த கொடுமை நாயகன் அரிவாள் எடுக்க ஒரு காரணம், அவ்வளவே. கடைசிக் காட்சியில் ரத்தம் தெறிக்கிறது, அரங்கம் கைதட்டுகிறது. குழந்தை எங்கே போனது, பள்ளிக்குத் திரும்பியதா, இரவில் தூங்குகிறதா என்று யாரும் கேட்பதில்லை. 2018இல் கத்துவாவில் நாடோடிச் சமூகத்துச் சிறுமிக்கு நேர்ந்த கொடூரத்தைத் தொடர்ந்து நாடு முழுவதும் எழுந்த கோபத்தில், 12 வயதுக்குட்பட்ட சிறுமிகளை வல்லுறவு செய்வோருக்கு மரண தண்டனை வரை சட்டம் வந்தது. 2019இல் போக்சோ சட்டத்திலும் அது சேர்ந்தது. குழந்தைகளோடு வேலை செய்பவர்கள் பலர் அப்போதே எச்சரித்தார்கள்: மாமாவைத் தூக்கில் போடுவார்கள் என்று தெரிந்தால் குடும்பம் குழந்தையின் வாயைத்தான் மூடும். திரையில் நாம் கைதட்டிய முடிவே சட்டமாகவும் வந்தது. குழந்தையின் வாய் திறக்க அது உதவுமா என்ற கேள்வி பின்னுக்குப் போனது.

சேரிக் குழந்தையின் மௌனம்

இந்தப் படங்களில் வரும் குழந்தை பெரும்பாலும் யார்? தனி அறை உள்ள, பொம்மைகள் உள்ள, அப்பாவும் அம்மாவும் மாலையில் வீட்டில் இருக்கும் குழந்தை. ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை அதில் இல்லை. திருமணத்துக்குச் சேமிப்பு என்று சொல்லி நூற்பாலைக்குக் கூட்டிச்செல்லப்பட்ட பதினாறு வயதுப் பெண் இல்லை. செங்கல் சூளையில் பெற்றோரோடு கல் அறுக்கும் பையன் இல்லை. இவர்களுக்கு ‘அம்மாவிடம் சொல்’ என்ற அறிவுரை போய்ச்சேரும் தூரத்தில் அம்மா இல்லை.

சேரிக் குழந்தைக்குத் தீங்கு செய்தவர் ஆதிக்கச் சாதிக்காரராக இருந்தால், கேள்வி குடும்பத்துக்குள் முடிவதில்லை. கூலி, தண்ணீர், பாதை எல்லாம் அதில் சிக்கிக்கொள்கின்றன. ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். பேசி முடித்துக்கொள்ளலாம் என்பார்கள். பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பு இந்த இடத்தில் முக்கியமானது. ராஜஸ்தானில் தலித் மாணவி ஒருவரிடம் ஆசிரியர் பாலியல் ரீதியாக அத்துமீறியதாகப் போக்சோ, வன்கொடுமைத் தடுப்புச் சட்டங்களின் கீழ் வழக்குப் பதிவாகியது. பிறகு மாணவியின் தந்தை சமரசப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். அதை ஏற்று உயர் நீதிமன்றம் வழக்கையே ரத்து செய்தது. வழக்கில் தொடர்பில்லாத உள்ளூர்க்காரர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். இத்தகைய குற்றம் இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளும் தனிப்பட்ட தகராறு ஆகாது என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் அந்த வழக்குக்கு மீண்டும் உயிர் கொடுத்தது.

தந்தையால் முடியாதபோது அந்த உள்ளூர்க்காரர்கள் கேட்டார்கள். இதைப் படமாக எடுக்க ஒருவரும் இல்லையா?

நம் சமூகத்துக்குள் நடப்பதையும் நாம் மறைக்கக் கூடாது. லீனா மணிமேகலை தம் தொடக்ககால ஆவணப்படமான ‘மாத்தம்மா’வில், அரக்கோணம் பகுதியில் அருந்ததியர் பெண் குழந்தைகளைத் தெய்வத்துக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தைப் பதிவு செய்தார். 1947லேயே மதராஸ் மாகாணத்தில் பெண்களைப் பொட்டுக்கட்டுவது சட்டப்படி தடை செய்யப்பட்டுவிட்டது. அதற்கு எழுபது ஆண்டுகள் கழித்தும், 2017இல், இந்த வழக்கம் பற்றித் தேசிய மனித உரிமை ஆணையம் தமிழ்நாட்டு அரசுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருந்தது. இப்படியொரு படம் வந்தால் ‘நம் சாதியைக் கேவலப்படுத்துகிறார்கள்’ என்ற குரலும் நம்மிடமிருந்தே எழும். அந்தக் குரலின் காயம் நமக்குப் புரிகிறது. சமூகத்தின் மானத்தைக் காக்கும் பொறுப்பைக் குழந்தையின் உடல்மேல் ஏற்றுவதும் சாதி செய்யும் வேலைதான் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியது நம் கடமை. தலித் பெண்ணியம் நமக்குக் கற்றுத்தந்தது இதைத்தான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2007 ஆய்வு, உடல் ரீதியான வன்கொடுமை, பாலியல் வன்கொடுமை, மன ரீதியான வன்கொடுமை, பெண் குழந்தையைப் புறக்கணிப்பது என்று நான்கையும் கணக்கில் எடுத்தது. நம் பிரச்சாரப் படங்கள் ஒன்றை மட்டும் பேசுகின்றன. பள்ளியில் தலித் பிள்ளையைக் கழிப்பறை கழுவச் செய்வது, சாதிப் பெயர் சொல்லி அழைப்பது, மணிக்கட்டுக் கயிற்றின் நிறம் பார்த்து அடிப்பது எல்லாமே குழந்தைகள் மீதான வன்கொடுமைதான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவரைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய பிறகு நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டது. 2024இல் அது அறிக்கை தந்தது. அந்த அறிக்கையின் பரிந்துரைகளை மக்களிடம் கொண்டுபோக ஒரு பத்து நிமிடப் படம் வேண்டும்.

கேட்கவைத்த படங்கள்

பெரியவர்களைக் கேட்கவைக்கப் படத்தால் முடியுமா? முடியும் என்பதற்கு மூன்று எடுத்துக்காட்டுகள் தருகிறோம்.

பிரிட்டனில் 1986 அக்டோபர் 30 அன்று பிபிசி தொலைக்காட்சி குழந்தைகள் மீதான வன்கொடுமை பற்றிய சிறப்பு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. அதை நடத்திய எஸ்தர் ராண்ட்ஸனும் அவருடன் இருந்தவர்களும் அதே இரவில் ‘சைல்டுலைன்’ என்ற இலவசத் தொலைபேசி எண்ணைத் தொடங்கிவைத்தார்கள். முதல் இரவிலேயே ஏறத்தாழ 50,000 அழைப்பு முயற்சிகள் வந்தன. இருந்த ஆட்களால் எல்லாவற்றையும் எடுக்க முடியவில்லை. திரையும் தொலைபேசியும் ஒரே நாளில் வர வேண்டும் என்பது முதல் பாடம். எத்தனை பேர் எடுத்துப் பேசத் தயாராக இருக்க வேண்டும் என்பது இரண்டாவது பாடம். நம் நாட்டில் 1996இல் மும்பையில் தொடங்கிய 1098 எண்ணைத் தொண்டு நிறுவனங்கள் நீண்ட காலம் நடத்தின. 2023 முதல் அது அரசின் நேரடிப் பொறுப்புக்கு மாறியிருக்கிறது. படத்தின் கடைசிச் சட்டகத்தில் அந்த எண்ணைப் போடுவது எளிது. அதை எடுப்பவர் நம் மாவட்டத்துக் குழந்தையின் பேச்சுவழக்கைப் புரிந்துகொள்கிறாரா, எத்தனை மணி நேரத்தில் ஆள் வருகிறார் என்று சோதித்துப் பார்ப்பது நம் வேலை.

அதே பிரிட்டனில் 2002இல் குழந்தைகள் பாதுகாப்புச் சங்கம் ஒரு விளம்பரப் படம் எடுத்தது. அப்பா உண்மையான மனிதர், பையன் கார்ட்டூன். அப்பா அடிக்க அடிக்கக் கார்ட்டூன் பையன் எழுந்து எழுந்து நிற்கிறான். பின்னணியில் சிரிப்பொலி. கடைசியில் மாடிப்படியின் கீழே அசையாமல் கிடப்பது உண்மையான குழந்தை. அந்தப் படம் குழந்தையிடம் எதையும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டும் சும்மா இருக்கும் பெரியவரிடம் பேசியது.

மூன்றாவது, தென்கொரியாவின் ‘தோகானி’. குவாங்ஜூ நகரில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் நிர்வாகமும் ஆசிரியர்களும் செய்த பாலியல் கொடுமை 2005இல் வெளியே வந்தது. தண்டனை மிகக் குறைவாகவே கிடைத்தது. கோங் ஜி யங் அதை 2009இல் நாவலாக எழுதினார். ஹ்வாங் டோங் ஹ்யூக் 2011 செப்டம்பரில் படமாக வெளியிட்டார். நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். காவல்துறை விசாரணையை மீண்டும் தொடங்கியது, பள்ளி மூடப்பட்டது. 13 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் எதிரான பாலியல் குற்றங்களில் கால வரம்பை நீக்கும் சட்டம் ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மக்கள் அதைப் படத்தின் பெயராலேயே அழைத்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்காக ஆண்டுக்கணக்கில் போராடியவர்கள் இருந்ததால்தான் நாவல் வந்தது, நாவல் இருந்ததால்தான் படம் வந்தது. போராட்டம், எழுத்து, திரை, சட்டம் என்ற அந்த வரிசையில் எழுத்தாளருக்கு ஓர் இடம் இருக்கிறது. இலக்கிய அமைப்புக்கு இதில் என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு இதுவும் ஒரு பதில்.

நாம் செய்ய வேண்டியவை

திரையிடலுக்கு முன்னால் பெரியவர்களைத் தனியாகக் கூட்டி உட்காரவைக்க வேண்டும். பிள்ளை சொன்னால் முதலில் சொல்ல வேண்டியது என்ன என்று அவர்களோடு பேச வேண்டும். “நீ சொன்னது நல்லது. நான் நம்புறேன். உன்மேல தப்பு இல்ல.” இந்த மூன்று வாக்கியங்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகச் செய்யலாம். “நீ ஏன் அங்க போன?” என்று எந்தச் சூழ்நிலையிலும் கேட்கக் கூடாது. பிள்ளையைத் துருவித் துருவி விசாரிக்கவும் கூடாது. அது பயிற்சி பெற்றவர்களின் வேலை.

பெண்கள் வேலை முடிந்து வரும் நேரத்துக்குத் திரையிடலை வைக்க வேண்டும். தூரத்தில் நிற்கும் ஆண்களை அழைத்து உட்காரவைக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்தோ குழந்தைகள் நலக் குழுவிலிருந்தோ ஒருவர் வந்தால் நல்லது. படம் முடிந்ததும் கருவியை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பக் கூடாது. கலைந்த பிறகு தனியாக வரும் குழந்தைக்காகக் குறைந்தது ஒரு மணி நேரமாவது ஒரு பெண் தோழர் அங்கே இருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் போக வேண்டும். அதைச் செய்ய முடியாத ஊரில் திரையிடாமல் இருப்பதே மேல்.

புகார் என்று வந்தால், குழந்தை பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்ததாகவும் குற்றம் செய்தவர் அப்படி அல்லாதவராகவும் இருந்தால், போக்சோ பிரிவுகளோடு 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகளும் முதல் தகவல் அறிக்கையில் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அவை சேர்ந்தால் டிஎஸ்பி தகுதிக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும், தீருதவித் தொகையும் உண்டு. போக்சோ விதிகளின்படி இடைக்கால இழப்பீடு கேட்கலாம். வழக்கு முடியும்வரை குழந்தையோடு துணைக்கு இருக்க ஒரு உதவி நபரை நியமிக்கும்படி குழந்தைகள் நலக் குழுவிடம் கேட்கலாம். இவற்றை நடைமுறையாகக் காட்டும் படம் ஒன்றுகூட நாங்கள் போகும் ஊர்களுக்கு வந்து சேரவில்லை. மாணவ நண்பர்களே, இன்று உங்கள் கைப்பேசியிலேயே அதை எடுக்க முடியும்.

எடுக்கும்போது ஒரு கட்டுப்பாடு. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகம், வீடு, பள்ளி, ஊர் எதுவும் தெரியக் கூடாது. போக்சோ 23ஆம் பிரிவு அதைக் குற்றமாக்குகிறது. முகத்தை மங்கலாக்கிவிட்டு ஊர்ப் பெயர்ப் பலகையைக் காட்டுவதும் அடையாளம் காட்டுவதுதான். நம் போராட்டச் சுவரொட்டிகளுக்கும் இது பொருந்தும். நீதி கேட்டு நாம் ஒட்டும் சுவரொட்டியில் சிறுமியின் படம் இருக்கக் கூடாது. குழந்தைக்கு மறுபடி மறுபடி சொல்லும் கட்டாயத்தை உண்டாக்காதீர்கள். கேமராவைப் பெரியவர் பக்கம் திருப்புங்கள். புகாரை வாங்க மறுத்த மேசை, சமரசம் பேசிய திண்ணை, தெரிந்தும் வாய்மூடி இருந்த ஆசிரியர் ஓய்வறை, இவைதான் நம் படத்தின் களங்கள்.

அரசிடம் 43ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டிக் கேளுங்கள். ஒவ்வோர் ஆதிதிராவிடர் நல விடுதியிலும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியிலும் ஆண்டுக்கு எத்தனை முறை திரையிடல் நடந்தது, அதில் காப்பாளர்களும் சமையலர்களும் உட்கார்ந்து பார்த்தார்களா, அதன்பின் எத்தனை புகார்கள் வந்தன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள்.

இந்த உரை அச்சாகி உங்கள் கையில் இருக்கும்போது, உங்கள் தெருவில் எங்கோ ஒரு குழந்தை யாரிடம் சொல்லலாம் என்று பெரியவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். அது தேர்ந்தெடுக்கக்கூடிய முகமாக நாம் ஒவ்வொருவரும் இருக்க வேண்டும். மறைந்த நம் தோழருக்கு இந்த ஆண்டு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவாக இருக்கட்டும்.

ஜெய் பீம்.